எந்த நூலுக்கு விலை?

பாரதியின் பாடல்களைப் போற்றும் நாம் அவருடைய கடிதங்களைப் புரட்டத் தயங்குகிறோம். அவற்றில் கணக்கு இருக்கிறது. அக்கணக்கில் நமது கடனும் இருக்கிறது.

எட்டயபுரம், காசி, சென்னை, புதுச்சேரி, கடையம் என ஊர் ஊராய் அலைந்த அக்கவிஞர், தம் நூல்களை வெளியிட்ட பரலி சு. நெல்லையப்பருக்கு அச்சு, விற்பனை பற்றியெல்லாம் எழுதினார். 1920-இல் தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிட விரும்பிப் பலருக்கும் மடல் விடுத்தார். அவர் கேட்டது பிச்சையன்று. வட்டியோடு திருப்பித் தரும் கடன்! திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டம்பரில் மறைந்தார். சிலைகள் பின்னர் எழுந்தன.

பழங்கதையென்று தள்ளிவிடலாமா? திருப்பூரில் பனியன் தைப்பவருக்குப் பீஸ் ரேட் கணக்கிட்டுக் கூலி தருகிறோம். தர மறுப்பது பாவமென அறிவோம். நம்மிடையே எழுதுகிறவரிடமோ, அன்பளிப்பாக ஒரு பிரதி தரும்படி கூசாமல் கேட்கிறோம். எழுத்து இறைவனின் கொடை, அதற்குக் கூலி எதற்கு என்பார் சிலர். தையற்காரரின் கைத்திறன் யார் தந்த கொடை?

பருத்தி நூலின் விலையேற்றத்திற்காகப் பதறுகிறோம். அச்சிட்ட நூல் ஒன்றையேனும் இம்மாதம் விலை கொடுத்து வாங்குவோம். அதுவே கவிஞனுக்கு நாம் எழுப்பும் மெய்யான சிலை.