குழு உளச்சிகிச்சையை வழிநடத்தத் தனிப் பயிற்சி வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

ஜொகூரில் தமிழர்களுக்காகக் குழு உளச்சிகிச்சை நடத்த முன்வரும் எவரும், பதிவு பெற்ற ஆலோசகராகவே இருந்தாலும், குழுவை வழிநடத்துவதற்கென்று தனியே பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வின்படி 2019இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினரிடம் காணப்பட்ட மனச்சோர்வு, 2023இல் 4.6 விழுக்காடாகியிருக்கிறது, ஏறக்குறைய 10 லட்சம் பேர். அதே 2023இல், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309ஐ நீக்க நாடாளுமன்றம் முடிவெடுத்தது. இனி அச்சமின்றி உதவி தேடி வருவோர் கூடுவார்கள். கூட வேண்டும் என்றே விரும்புகிறோம். 1937 முதல் தம்போயில் இயங்கும் பெர்மாய் மனநல மருத்துவமனை மட்டும் அத்தனை பேரையும் தாங்க முடியாது. ஒரே நேரத்தில் எட்டுப் பத்துப் பேருக்கு உதவலாம் என்பதால் குழுக்கள் பெருகத்தான் செய்யும். அவற்றை யார் நடத்துவார்கள் என்பதே எங்கள் கவலை.

1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, பதிவில்லாதவர் ஆலோசகராகத் தொழில் செய்ய முடியாது. நல்ல காவல்தான். ஆனால் தனியாளிடம் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவருக்குக் குழுவும் தானே கைவரும் என்று எண்ணுவது தவறு. தனி ஆலோசனையில் ஒருவர் அழுதால் அவரை மட்டும் கவனித்தால் போதும். குழுவில் ஒருவர் அழும்போது பக்கத்தில் இருப்பவர் அவசரமாக அறிவுரை சொல்கிறார். இன்னொருவர் பேச்சை மாற்றுகிறார். ஓரத்தில் இருப்பவர் தன் துக்கத்துக்குள் மூழ்கி, அடுத்த வாரம் வராமலே போய்விடுகிறார். குழுவில் குணமாக்கும் சக்தி பெரும்பாலும் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் தருவதில் இருக்கிறது என்று மனநல மருத்துவர் இர்வின் யாலோம் 1970இல் வெளியிட்ட தம் குழு உளச்சிகிச்சைப் பாடநூலில் விளக்கினார். அதற்கான சூழலைக் காப்பதே வழிநடத்துநரின் வேலை. அந்தப் பழக்கம் இல்லாதவர் ஒவ்வொருவரிடமும் முறை வைத்துப் பேசிக்கொண்டு போவார். தனி ஆலோசனையின் அந்தரங்கமும் போய், குழுவின் பயனும் கிட்டாது.

தவறான கையில் குழு கெடுதலும் செய்யும். மார்ட்டன் லீபர்மன், யாலோம், மேத்யூ மைல்ஸ் மூவரும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் 200க்கும் மேற்பட்டோரைக் குழுக்களில் சேர்த்து ஆராய்ந்து, 1973இல் முடிவுகளை நூலாக்கினார்கள். 16 பேரின் மனநலம் நீடித்த பாதிப்புக்கு உள்ளாகியிருந்தது. அவை நலமாக இருப்பவர்களுக்கான குழுக்கள் என்பதையும், நடத்தியவர்கள் அனுபவமும் பெயரும் உள்ளவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கவர்ச்சியும் ஆவேசமும் மிகுந்து, ஆளைத் துளைத்தெடுத்துப் பேசவைத்த தலைவர்களிடம்தான் பாதிப்பு மிகுதி. எங்களைக் கலங்கவைப்பது இன்னொரு முடிவு: யார் பாதிக்கப்பட்டார் என்பதை வழிநடத்துநர்களைவிடச் சக உறுப்பினர்களே சரியாகக் கண்டுகொண்டார்கள். தம் முன்னால் ஒருவர் உடைவது தலைவருக்கே தெரியாமல் போகலாம் என்றால், அனுபவ ஆண்டுகளை எண்ணி நாம் நிம்மதியடைய முடியாது. அவர் நடத்துவதை இன்னொருவர் பார்த்துத் திருத்த வேண்டும். அதற்கு முன், தாமே ஒரு குழுவில் உறுப்பினராக அமர்ந்து அந்த இருக்கையின் கூச்சத்தையும் அச்சத்தையும் அவர் அறிந்திருக்க வேண்டும். தேர்ந்தவரோடு இணைந்து நடத்திப் பழகியிருக்க வேண்டும்.

நம் ஊர்களில் இந்தத் தேவை இன்னும் கூடுதல். ஸ்கூடாயிலோ மாசாயிலோ குளுவாங்கிலோ எட்டுத் தமிழர்களைக் கூட்டினால், அவர்களில் இருவராவது உறவாகவோ, ஒரே தோட்டத்திலிருந்து வந்தவர்களாகவோ, ஒரே கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களாகவோ அமையக்கூடும். இங்கே பேசுவது வெளியே போகாது என்று முதல் நாள் கையெழுத்து வாங்கினால் போதாது. ஒவ்வொருவரையும் முன்கூட்டியே தனியே சந்தித்து, யாரை யாரோடு சேர்க்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும். பேச்சு கசிந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் பேசிவைக்க வேண்டும். கணவரின் குடியைப் பற்றிச் சொல்ல வந்த பெண், மாமா முறையாகும் ஒருவர் எதிரே அமர்ந்திருந்தால் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று முடித்துக்கொள்வார். வழிநடத்துநரை ஐயா என்றோ சார் என்றோ அழைத்து, எல்லாரும் அவர் முகம் பார்த்தே பேசுவார்கள். மரியாதை குலையாமல் அந்தப் பேச்சை ஒருவர் பக்கம் ஒருவராகத் திருப்பிவிடத் தெரிய வேண்டும். இதை ஆங்கிலப் பாடநூலிலும் மலாய் வகுப்பிலும் மட்டும் கற்றுவிட முடியாது. பயிற்சியின் ஒரு பகுதி தமிழிலேயே நடக்க வேண்டும்.

இத்தனை நிபந்தனை வைத்தால் ஆள் கிடைக்குமா என்ற கேள்வி நியாயமானது. உகாண்டாவில் மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களே குழுக்களை நடத்திக் காட்டினார்கள் என்றும் சிலர் நினைவூட்டுகிறார்கள். உண்மை. அதைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வில் குழுவில் சேர்ந்தவர்களிடையே மனச்சோர்வு 86 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக இறங்கியது. சேராதவர்களிடையே 94இலிருந்து 54.7 வரைதான் குறைந்தது. ஆனால் அந்த உள்ளூர்க்காரர்கள் இரண்டு வாரம் குழுப் பயிற்சியே பெற்றார்கள், வரையறுத்த முறையைத் தம் தாய்மொழியில் பின்பற்றினார்கள், தொடர் மேற்பார்வையில் இருந்தார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குழுக்கள் வைத்தார்கள். பட்டம் பெரிதாக இருக்க வேண்டும் என்று நாங்களும் கேட்கவில்லை. பயிற்சியும் மேற்பார்வையும் இருக்க வேண்டும் என்கிறோம். குடியை விட்டவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் சுய உதவிக் குழுக்களுக்கும் இந்த நிபந்தனை பொருந்தாது. சிகிச்சை என்ற பெயரில் நடப்பவற்றுக்கே பொருந்தும். ஆகவே ஜொகூரில் ஆலோசகர் கல்வி தரும் பல்கலைக்கழகங்கள் தமிழ் பேசும் மேற்பார்வையாளர்களை உருவாக்க வேண்டும் என்றும், சுகாதார அமைச்சு அதற்கு நிதி ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை எங்கள் ஆதரவில் நடக்கும் சிகிச்சைக் குழு எதையும் ஒருவர் தனியாக நடத்த மாட்டார். இருவர் நடத்துவார்கள், அவர்களில் ஒருவர் பயிற்சி பெற்றவராக இருப்பார்.