ஓட்டலுக்கு நட்சத்திரம் கொடுப்பது யார்?

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியற்காலையில் புறப்படும் ஜீப்புகளை இந்தப் பக்கத்து மக்கள் நன்றாக அறிவார்கள். சூரிய உதயம் பார்க்கச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வருகிற பயணிகள் முதல் நாள் இரவு சின்னக்கானல் வட்டாரத்து ரிசார்ட்டுகளில் தங்குகிறார்கள். ஊர் போய்ச் சேருவதற்கு முன்பே, தங்கிய இடத்துக்குக் கைப்பேசியில் 5-க்கு 3 என்றோ 5-க்கு 5 என்றோ நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். ஓட்டல் வாசலில் உள்ள பலகையிலும் சில இடங்களில் நட்சத்திரம் உண்டு. அது அரசாங்கம் கொடுத்தது. பெயர் ஒன்றானாலும் இரண்டும் ஒன்றல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன, அதனால் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்பது சிந்திக்க வேண்டிய விஷயம்.

எஸ்டேட் லயங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று கொழுந்துக் கூடையை விட்டு ஓட்டல் வேலைக்கு வந்திருக்கிறார்கள். சமையலறையிலும், ரூம் சர்வீஸிலும், வரவேற்பு மேஜையிலும் அவர்களைப் பார்க்கலாம். ஆகவே நட்சத்திரக் கணக்கு பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

அரசாங்க நட்சத்திரம்

நம் நாட்டில் ஓட்டல்களைத் தரம் பிரிப்பது மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் உள்ள குழுவின் வேலை. 1 நட்சத்திரம் முதல் 5 நட்சத்திரம் வரையும், அதற்கு மேல் 5 நட்சத்திர டீலக்ஸ் என்றும், பழைய மாளிகைகளுக்குப் பாரம்பரிய ஓட்டல் என்றும் வகைகள் இருக்கின்றன. ஓட்டல்காரர் விரும்பினால் விண்ணப்பிக்கலாம், கட்டாயமில்லை. கிடைத்த தகுதி 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

குழு வந்து பார்ப்பது எதை? அறை எத்தனை சதுர அடி, குளியலறையில் வெந்நீர் வருகிறதா, லிப்ட் உண்டா, சமையலறை சுத்தமா, தீயணைப்புச் சாதனம் இருக்கிறதா என்பவற்றையே பெரும்பாலும் பார்க்கிறார்கள். சிப்பந்திகளில் ஒரு பகுதியினர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், அவர்களுக்கென்று தனி வசதிகள் வேண்டும் என்ற விதிகளும் உண்டு. ஆனால் அவர்களுக்கு என்ன சம்பளம், எத்தனை மணி நேர வேலை என்பதை வாசல் பலகையில் உள்ள நட்சத்திரம் சொல்வதில்லை. அறை வாடகை நியாயமா என்பதையும் அது சொல்வதில்லை.

பாருக்காக ஒரு நட்சத்திரம்

கேரளத்தில் நட்சத்திரத்துக்கு இன்னொரு உபயோகம் உண்டு. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2014 ஏப்ரலில், தரம் போதாது என்ற காரணத்தால் 418 பார்களின் லைசென்ஸ் புதுப்பிக்கப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் உம்மன் சாண்டி அரசு, இனி 5 நட்சத்திர ஓட்டல்களில் மட்டுமே பார் நடத்தலாம் என்று முடிவு செய்தது. வழக்கு ஹைகோர்ட் வழியாக சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2015 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அரசின் கொள்கையை ஏற்றுக்கொண்டது. பிறகு வந்த இடது முன்னணி அரசு 2017 ஜூலை முதல் 3 நட்சத்திரத்துக்கும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்குப் பார் லைசென்ஸ் வழங்க வழி திறந்தது.

இதன் பலன் என்ன? விருந்தாளிக்கு வழிகாட்ட ஏற்பட்ட நட்சத்திரம், கலால் இலாகாவின் கதவைத் திறக்கும் சாவியாயிற்று. 3 நட்சத்திரம் கிடைத்தால் பார் கிடைக்கும் என்றால், லிப்ட் வைப்பதும் அறையைப் பெரிதாக்குவதும் தங்க வருகிறவருக்காக மட்டும் நடக்கும் காரியமாக இருக்க முடியாது.

கோவாவிலும் இதே கதைதான். அங்கே சாவி திறந்தது சூதாட்ட மண்டபத்தை. கோவாவின் 1976-ம் ஆண்டு சூதாட்டத் தடைச் சட்டத்தில் 1992-ல் ஒரு திருத்தம் செய்து, 5 நட்சத்திர ஓட்டல்களில் காசு போட்டு ஆடும் இயந்திரங்களை அனுமதித்தார்கள். பின்னர் கப்பல்களில் சீட்டாட்ட மேஜைகளும் வந்தன. பணஜியில் மாண்டோவி ஆற்றில் மிதக்கும் காசினோக்கள் அப்படி வந்தவையே. சிக்கிமிலும் காசினோ நடப்பது 5 நட்சத்திர ஓட்டலில்தான். கேரளத்தில் காசினோ கிடையாது. கொச்சி வெலிங்டன் தீவில் 1957-ல் தொடங்கிய காசினோ ஓட்டலில் பெயர் மட்டுமே காசினோ, சூதாட்டம் இல்லை. இங்கே அதிர்ஷ்டம் பார்க்க விரும்புகிறவருக்கு 1967-ல் அரசு ஆரம்பித்த லாட்டரி இருக்கிறது.

விருந்தாளியின் மனக்கணக்கு

இனி கைப்பேசியில் விழும் நட்சத்திரத்துக்கு வருவோம். இதைக் கொடுப்பவர் எந்தக் குழுவிலும் இல்லை. டேப் பிடித்து அறையை அளப்பதும் இல்லை. அவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடுகிறது: என்ன எதிர்பார்த்து வந்தேன், என்ன கிடைத்தது, அதற்கு எவ்வளவு கொடுத்தேன்?

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 1,200 ரூபாய் லாட்ஜில் காலையில் அரை மணி நேரம் வெந்நீர் வரவில்லை. தங்கியவர் ஒரு வாளி கேட்டு வாங்கிக் குளித்துவிட்டுப் போய்விடுவார். அதே அரை மணி 9,000 ரூபாய் அறையில் தவறினால் மானேஜரைக் கூப்பிடுவார். குறை ஒன்றுதான். கொடுத்த பணமும் அது வளர்த்த ஆசையும் வேறு. சிறிய லாட்ஜ் 5-க்கு 4.5 வாங்கியிருப்பதும், பெரிய ஓட்டல் 4 வாங்கித் திணறுவதும் இதனால்தான். முன்னதன் 4.5 பின்னதன் 4-ஐ விட உயர்ந்த வசதி என்று அர்த்தமல்ல. கொடுத்த காசுக்கு மனம் நிறைந்தது என்றே அர்த்தம்.

இந்த மனக்கணக்கை முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பரசுராமன். அமெரிக்காவில் பேராசிரியரான அவர், ஸைத்தாமல், பெர்ரி என்ற இருவருடன் சேர்ந்து 1985-லும் 1988-லும் வெளியிட்ட ஆராய்ச்சிகள் உலகப் புகழ் பெற்றவை. எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் உள்ள இடைவெளியே சேவையின் தரம் என்பது அவர்கள் முடிவு. அந்த இடைவெளியை ஐந்து வகையில் அளக்கலாம் என்றார்கள்: கண்ணுக்குத் தெரியும் வசதிகள், சொன்னதைச் சொன்னபடி செய்வது, கேட்டவுடன் கவனிப்பது, விஷயம் தெரிந்து நம்பிக்கை ஊட்டுவது, வந்தவர் மனமறிந்து அக்கறை காட்டுவது.

இந்த ஐந்தில் கட்டடமும் கட்டிலும் மெத்தையும் அடங்குவது முதல் வகையில் மட்டும். மற்ற நான்கும் வேலை செய்கிற மனிதர்களைப் பொறுத்தவை. சொன்னதைச் சொன்னபடி செய்வதே வாடிக்கையாளர்களுக்கு மிக முக்கியம் என்றும் அவர்கள் கண்டார்கள். அரசாங்கக் குழு பெரும்பாலும் முதல் வகையை அளக்கிறது. விருந்தாளி மற்ற நான்கையும் சேர்த்து அளக்கிறார். இரண்டு நட்சத்திரமும் ஒத்துப்போகாததன் ரகசியம் இதுவே.

காசினோ ஓட்டல்களில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் அறையையும் சாப்பாட்டையும் மலிவாகக் கொடுத்து, சூதாட்ட மேஜையில் பணத்தை எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். தோற்றவருக்குக் காப்பியும் கசக்கும். ஜெயித்தவருக்குப் பழைய மெத்தையும் பஞ்சணையாகத் தோன்றும். இன்று அங்கே பெரிய ஓட்டல்களின் வருமானத்தில் சூதாட்டத்தை விட அறை, சாப்பாடு, கேளிக்கை இவற்றின் பங்கே அதிகம். மலிவு போய் விலை ஏறியது. அறை வாடகைக்கு மேல் ரிசார்ட் கட்டணம் என்று தனியாகவும் வாங்கினார்கள். விருந்தாளிகள் வசதியைப் பற்றி முணுமுணுத்ததை விட இந்தக் கட்டணத்தைப் பற்றியே அதிகம் முணுமுணுத்தார்கள். 2025 மே மாதம் முதல், மொத்தக் கட்டணத்தையும் முதலிலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி செய்தது. மறைத்து வாங்கும் 500 ரூபாய், வெளிப்படையாக வாங்கும் 1,000 ரூபாயை விட அதிகக் கோபத்தை மூட்டும். இது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

நட்சத்திரத்தின் விலை

விருந்தாளியின் நட்சத்திரம் வெறும் அபிப்பிராயமாக நின்றுவிடுவதில்லை, அது பணம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா 2011-ல் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து, ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று கண்டார். அதுவும் கம்பெனிக் கிளைகளாக இல்லாத தனி உணவகங்களில்தான் இந்த மாற்றம். பெயர் தெரியாத சின்னக் கடைக்கு நட்சத்திரமே விளம்பரம்.

பணம் இருக்கும் இடத்தில் பொய்யும் நுழையும். தங்காதவர் புகழ்ந்து எழுதுவதும், போட்டிக்காரர் இகழ்ந்து எழுதுவதும் நடக்கின்றன. இதற்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் ஐ.எஸ். 19000 என்ற தர விதியைக் கொண்டுவந்தது. எழுதுகிறவர் யார் என்று சரிபார்க்க வேண்டும் என்கிறது அது. விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில் வந்ததால் அதற்குப் பல் குறைவு.

கணக்கில் வராதவர்கள்

குறைந்த நட்சத்திரத்தின் அடி யார் மேல் விழுகிறது என்பதுதான் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம். அறைக்கு வெளியே மேகம் தவழும் என்று விளம்பரம் செய்தவர் முதலாளி. அன்று மூடுபனி கவிந்து மலையே தெரியவில்லை என்றால் அதற்கு யாரும் பொறுப்பல்ல. 2019-லும் 2020-லும் கேப் ரோட்டில் மண் சரிந்தபோது பாதை அடைபட்டதற்கும் ஓட்டல் சிப்பந்தி காரணமல்ல. ஆனாலும் விருந்தாளியின் ஏமாற்றம் முதலில் பாய்வது எதிரே நிற்கும் ரூம் பாய் மீதும் வெயிட்டர் மீதும்தான். கோபத்தில் எழுதிய நாலு வரி ஒருவன் வேலைக்கே உலை வைக்கலாம். வாக்குக் கொடுத்தவர் ஒருவர், வசவு வாங்குகிறவர் இன்னொருவர் என்பது நியாயமாகாது.

இன்னொன்றும் உண்டு. மூணாறு பக்கத்து ஓட்டல்களுக்கு விழும் நட்சத்திரத்தில் பெரும் பங்கு ஜன்னலுக்கு வெளியே தெரியும் பச்சைக் கம்பளத்துக்கு. அந்தக் கம்பளம் தானாக விரிந்ததல்ல. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் கொழுந்து பறித்து, செடியைக் கவாத்து வெட்டிப் பராமரித்த தோட்டம் அது. 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்து மூணாறில் பெண் தொழிலாளர்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் வீதிக்கு வந்து 20 சதவீதம் பெற்றார்கள். அப்போது அவர்களின் தினக்கூலி 232 ரூபாய். அவர்கள் உருவாக்கிய காட்சியைக் காட்டித்தான் ஓட்டல்கள் ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் வாடகை வாங்குகின்றன.

கட்டடம் நிற்கும் நிலம் சரியான பட்டா நிலமா என்பதையும் விருந்தாளியின் நட்சத்திரம் கேட்பதில்லை. 2007-ல் முதலமைச்சர் அச்சுதானந்தன் அனுப்பிய தனிப்படை மூணாறு வட்டாரத்தில் கட்டடங்களை இடித்தபோது இது நாடு முழுவதும் பேசப்பட்டது. கட்டடம் இடிந்தால் முதலாளிக்குச் சொத்து போகும், சிப்பந்திக்குச் சோறு போகும்.

பில்லைப் பாருங்கள்

நம் வாசகர்களும் குடும்பத்துடன் பழனிக்கோ குருவாயூருக்கோ போய் ஓட்டலில் தங்குகிறவர்கள்தான். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். காசினோவுக்கு 40 சதவீதம். பழைய 12 சதவீதத்தையே பில்லில் போட்டிருந்தால் கேட்கலாம். சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டில்லி ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சேவை செய்தவருக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் அவர் கையிலேயே கொடுப்பது உத்தமம்.

நட்சத்திரத்தைப் படிக்கும்போதும் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், என்ன வாடகைக்கு என்ன கிடைத்தது என்று எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். நாம் நட்சத்திரம் போடும்போது கட்டடத்தின் குறையைக் கட்டடத்தின் மேல் எழுத வேண்டும். ஓடி ஓடிக் கவனித்த மனிதனின் கணக்கில் எழுதக்கூடாது.

முதலாளிகளும் ஒன்றை உணர வேண்டும். இல்லாததைச் சொல்லி ஆளை வரவழைத்தால் ஒரு நாள் வாடகை கிடைக்கும். அடுத்த நாள் நட்சத்திரம் உதிரும். விருந்தாளி அளக்கும் ஐந்தில் நான்கு சிப்பந்தியின் கையில் இருக்கிறது. அவனுக்கு நியாயமான கூலியும், ஓய்வும், பயிற்சியும் கொடுப்பது தர்மம் மட்டுமல்ல, வியாபாரமும் கூட. அதையும் சேர்த்துப் பார்க்கிற நாளில்தான் வாசல் பலகையில் உள்ள நட்சத்திரத்துக்கு முழு அர்த்தம் கிடைக்கும்.