செடிகளைப் பார்க்காதவர் காட்டைப் பார்த்தவர் ஆகார்

முதுமலைக்கோ டாப்சிலிப்புக்கோ போய்த் திரும்புகிறவர்களிடம் பயணம் எப்படி என்று கேட்டால், யானை தென்பட்டதா, காட்டெருமை தென்பட்டதா என்பதை வைத்தே பதில் வருகிறது. விலங்கு எதுவும் கண்ணில் படாவிட்டால், "ஒன்றும் பார்க்கவில்லை" என்று சலித்துக்கொள்கிறார்கள். இந்தப் பழக்கம் காட்டுக்கே கேடானது. காட்டு நடையில் நம் கவனம் முதலில் செல்ல வேண்டியது செடிகள் மீதும், மரப்பட்டையிலும் பாறையிலும் படர்ந்திருக்கும் லைக்கன்கள் மீதும்தான். காட்டின் உடல்நிலையை அவைதான் வெளிப்படையாகச் சொல்கின்றன.

லைக்கன் நமக்குப் புதிதும் இல்லை. செட்டிநாட்டுச் சமையலுக்கு மணம் தரும் கல்பாசி ஒரு லைக்கன். பள்ளி ஆய்வகத்து லிட்மஸ் சாயமும் லைக்கன்களிலிருந்து எடுக்கப்பட்டதே. பார்வைக்கு ஒற்றை உயிராகத் தெரிந்தாலும், அது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுக் குடித்தனம். பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. பூஞ்சை இடமும் ஈரமும் தருகிறது. வேர் இல்லாததால் நீரையும் தாதுக்களையும் பெரும்பாலும் மழையிலிருந்தும் காற்றிலிருந்துமே உறிஞ்சிக்கொள்கிறது. காற்றிலுள்ள நஞ்சும் கூடவே உள்ளே போய்விடுகிறது. 1866-இல் லைக்கன் ஆய்வாளர் வில்லியம் நைலாண்டர், பாரிஸின் பிற பகுதிகளில் காணாத லைக்கன்கள் லக்ஸம்பர்க் தோட்டத்தில் வளர்வதைக் கண்டு, அவை காற்றின் தூய்மையைக் காட்டுவதாக எழுதினார். லண்டனில் நிலக்கரிப் புகை குறைந்த பிறகு, மறைந்துபோன லைக்கன்கள் பல திரும்பி வந்தன. நம் மலைச் சோலைகளில் கிளைகளிலிருந்து தாடிபோல் தொங்கும் அஸ்னியாவும் புகையைத் தாங்காத வகைதான்.

செடிகளை இனங்காணத் தவறியதால் நாம் இழந்தது கொஞ்சமில்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்வெளியுமாக இருப்பதே இயற்கை அமைப்பு. மரமில்லாத நிலம் வீண் என்று கருதி, ஆங்கிலேயர் காலத்திலும் விடுதலைக்குப் பின்னும் அங்கே சீகையும் தைலமரமும் பைனும் நட்டார்கள். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கும், ஒட்டும் இலைகளால் பூச்சி பிடிக்கும் டிரோசிராவுக்கும் வீடாக இருந்த நிலம் அது. இன்றும் பைன் தோப்பில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் அதையே காடு என்று நம்புகிறார்கள். செடிகளைப் பார்த்துப் பழகியவர்கள், பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்று ஏமாற மாட்டார்கள்.

புலிக்காகத்தானே காடு காக்கப்படுகிறது, லைக்கனைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்கலாம். 1973-இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டம் பெரும் பரப்புகளைக் காத்தது உண்மை. ஆனால் புலி இல்லாத ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் பரிந்து பேச ஆள் வேண்டுமே? பெயர் தெரியாமல் எப்படி ரசிப்பது என்பது இன்னொரு தயக்கம். பட்டையோடு பட்டையாக ஒட்டியிருப்பது, இலைபோல் விரிந்திருப்பது, புதர்போல் கிளைத்திருப்பது என லைக்கன்களின் மூன்று வடிவங்களைப் பிரித்தறியப் பெயர்கள் தேவையில்லை. ஒரு கைலென்ஸ் போதும். கூட்டம் பெருகினால் மிதித்தும் பறித்தும் அழித்துவிடுவார்கள் என்ற அச்சம்தான் இவற்றுள் கனமானது. பல லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்வதால், சுரண்டியெடுத்த இடம் ஆற நெடுங்காலம் ஆகும். ஆகவே சிறு குழுவாகப் போவது, பாதையை விட்டு இறங்காதது, எதையும் பறிக்காதது என்ற கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டோடு மெதுவாக நடப்பது, விலங்கைத் தேடி ஜீப்பில் விரைவதைவிடக் காட்டுக்குத் தொல்லை குறைந்தது.

வனத்துறை நடத்தும் இயற்கை நடைகளில் செடிகளுக்கும் லைக்கன்களுக்கும் தனி நேரம் ஒதுக்கலாம். அந்தந்த மலையிலேயே வாழும் பழங்குடி மக்களை ஊதியத்தோடு வழிகாட்டிகளாக அமர்த்தலாம். பள்ளிகள் கல்விச் சுற்றுலாவுக்குக் கைலென்ஸும் குறிப்பேடும் கொடுத்தனுப்பலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. இப்படிப் பழகி வளரும் பிள்ளைகள் நாளை அதிகாரிகளாக அமரும்போது, புல்வெளியை வீண் நிலம் என்று எழுதிய கோப்பில் கையெழுத்திட மாட்டார்கள்.