விளையாட்டுப் பெட்டிக்கு எல்லைக்கோடு எதற்கு?



1990ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'சூப்பர் ஃபேமிகாம்' என்னும் வீடியோ விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே பெட்டி மறு ஆண்டு வேறு தோற்றத்துடனும் 'சூப்பர் என்.இ.எஸ்.' என்ற வேறு பெயருடனும் அமெரிக்காவுக்குப் போயிற்று. ஜப்பானில் வாங்கிய கேசட்டை அந்த அமெரிக்கப் பெட்டியில் செருகினால் என்ன ஆகும்? உள்ளே இறங்காது. மின்சுற்று வேறோ? இல்லை. முள்களின் எண்ணிக்கை வேறோ? அதுவும் இல்லை. அமெரிக்கப் பெட்டியின் செருகுவாயில் இரண்டு சிறு பிளாஸ்டிக் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்கக் கேசட்டின் முதுகில் அவற்றுக்கு இடம்விடும் பள்ளங்கள் உண்டு. ஜப்பானியக் கேசட்டில் கிடையாது. அவ்வளவுதான் சங்கதி! ஒரு குறடு எடுத்து அந்த முனைகளை ஒடித்துவிட்டால் ஜப்பானிய விளையாட்டு அமெரிக்கப் பெட்டியில் ஒழுங்காக ஓடும்.

இந்த இரண்டு முனைகளைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். ஒரு சாதனம் இயங்கவில்லை என்றால், "அது வேறு நாட்டுச் சாமான், இங்கே சரிப்படாது" என்று சொல்லிவிடுகிறார்கள். நாமும் நம்பிவிடுகிறோம். சரிப்படாததற்குக் காரணம் இயற்பியலா, அல்லது யாரோ வைத்த பூட்டா என்று கேட்பதே இல்லை.

உண்மையான தடைகளும் இருந்தன என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். படக்குழாய்த் தொலைக்காட்சிக் காலத்தில் ஜப்பானும் அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி. என்ற முறையைப் பின்பற்றின. அதில் 525 வரிகள். திரை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்படும். இந்தியாவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இருந்தது 'பால்' முறை. (குடிக்கும் பால் அல்ல!) இதில் 625 வரிகள், நொடிக்கு 50 முறை. அக்காலத்து விளையாட்டுகள் பல, திரையின் இந்தத் துடிப்பையே தங்கள் கடிகாரமாக வைத்துக்கொண்டன. ஒவ்வொரு துடிப்புக்கும் கதாநாயகன் 2 புள்ளி நகர வேண்டும் என்று நிரலில் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் அவன் நொடிக்கு 120 புள்ளி ஓடுவான். ஐரோப்பாவில் 100 புள்ளிதான். வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போயிற்று! பாட்டும் இழுத்து இழுத்து ஒலிக்கும். படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழும். வேகத்துக்கே பெயர்போன 'சோனிக்' என்ற நீல முள்ளெலி 1991இல் ஐரோப்பியப் பெட்டிகளில் இப்படித்தான் சோம்பி ஓடியது. மின்சாரமும் ஒரு தடைதான். ஜப்பானில் 100 வோல்ட். அங்கிருந்து வந்த அந்தக் காலத்து அடாப்டரை நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் மிஞ்சும்.

இவை யாரும் வேண்டுமென்று வைத்த தடைகள் அல்ல. இவற்றை மின்மாற்றி கொண்டும் மதிநுட்பம் கொண்டும் தாண்டலாம். பூட்டின் கதை வேறு.

ஜப்பானில் 1983இல் வெளியான முதல் 'ஃபேமிகாம்' பெட்டியில் பூட்டே கிடையாது. 1985இல் அமெரிக்காவுக்குப் போன அதன் தம்பியான என்.இ.எஸ். பெட்டிக்குள்தான் ஒரு காவல் சில்லு வந்து உட்கார்ந்தது. அதன் இணைச் சில்லு கேசட்டுக்குள் இருக்கும். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல, இரண்டு சில்லுகளும் ஒரே எண்வரிசையை ஒரே தாளத்தில் சொல்லிக்கொண்டு போக வேண்டும். ஓரிடத்தில் பிசகினாலும் போச்சு. பெட்டி நொடிக்கொரு தரம் தன்னைத்தானே அணைத்து எழுப்பிக்கொண்டிருக்கும், திரை கண்சிமிட்டும். அனுமதி பெறாத கேசட்டுகளைத் தடுப்பது இதன் நோக்கம். அது நியாயமான கவலைதான். ஆனால் நின்டெண்டோ அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவுக்கு ஒரு வாய்ப்பாடு. பிரிட்டனுக்கும் இத்தாலிக்கும் வேறொன்று. ஜெர்மனி முதலிய நாடுகளுக்கு இன்னொன்று. லண்டனிலும் பெர்லினிலும் திரைத்துடிப்பு 50தான். ஆனாலும் லண்டன் கடையில் காசு கொடுத்து வாங்கிய அசல் கேசட், ஜெர்மனியப் பெட்டியில் கண்சிமிட்டியது. இங்கே குறுக்கே நின்றது இயற்பியல் அல்ல, வியாபாரம்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். 'ஸெனோபிளேட் குரோனிக்கிள்ஸ்' என்ற விளையாட்டு 'வீ' பெட்டிக்காக 2010இல் ஜப்பானில் வெளிவந்தது. 2011இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் விற்பனையானது. அமெரிக்கச் சிறுவனுக்கும் ஆங்கிலம் தெரியும், அவனிடமும் அதே 'வீ' பெட்டி இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் விற்ற வட்டு அவன் பெட்டியில் ஓடாது! ரசிகர்கள் ஒன்றுதிரண்டு மனுவும் கடிதமும் அனுப்பினார்கள். 2012 ஏப்ரலில்தான் அமெரிக்காவில் அது கிடைத்தது. அதற்காவது ஒரு முடிவு வந்தது. 1995இல் ஜப்பானில் வந்த 'செய்கென் டென்செட்சு 3' அதிகாரபூர்வமாக ஆங்கிலத்தில் வர 2019 ஆயிற்று. இருபத்து நான்கு ஆண்டுகள்! அதை ஆவலோடு எதிர்பார்த்த பள்ளிப்பிள்ளைக்கு அதற்குள் ஒரு பள்ளிப்பிள்ளை பிறந்திருக்கும்.

நிறுவனங்கள் தரப்பில் சொல்வதற்கும் இருக்கிறது. நாட்டுக்கு நாடு விலை வேறு, வயதுத் தகுதி விதிகள் வேறு, விற்பனை உரிமை பெற்றவர்கள் வேறு. 2025இல் 'ஸ்விட்ச் 2' பெட்டி வந்தபோது ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்குவது 49,980 யென்னுக்கும், பல மொழிகளில் இயங்குவது 69,980 யென்னுக்கும் ஜப்பானில் விற்கப்பட்டன. இதை நான் குறை சொல்ல மாட்டேன். முன்கூட்டியே சொல்லி, விலையையும் குறைத்து, மற்றதையும் வைத்திருக்கிறார்களே! வாங்குகிறவருக்குத் தெரியாமல் உள்ளே பூட்டி வைப்பதுதான் எனக்கு உவப்பாக இல்லை.

"பூட்டைத் திறக்க விட்டால் திருட்டுப் பிரதிகள் பெருகும்" என்பது இன்னொரு வாதம். ஆஸ்திரேலியாவில் பிளேஸ்டேஷன் பெட்டிகளுக்கு மாற்றுச் சில்லு பொருத்திக் கொடுத்த ஒருவர்மீது சோனி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2005இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் சோனியின் வாதத்தை ஏற்க மறுத்தது. அந்தப் பூட்டு பிரதி எடுப்பதைத் தடுக்கவில்லை, எடுத்த பிரதி ஓடுவதைத்தான் தடுக்கிறது என்று நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தது. 2006இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டமும், கணினி விளையாட்டுகளில் நாடுவாரியாகச் சந்தையைப் பிரிக்க வைக்கும் பூட்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்றது. திருட்டுப் பிரதி தவறு. அசலை அயல்நாட்டில் வாங்கி விளையாடுவது தவறல்ல. இரண்டையும் ஒரே கூண்டில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, பூட்டு இல்லாமல் காலம் தள்ள முடியாதா? 1989இல் வந்த 'கேம் பாய்' கைப்பெட்டிக்குத் திரை அதனுடனேயே இருந்தது. 50, 60 என்ற தகராறே எழவில்லை, பூட்டும் வைக்கவில்லை. எந்த நாட்டுக் கேசட்டும் ஓடியது, கோடிக்கணக்கில் விற்றது. அதே நிறுவனம் 2011இல் வெளியிட்ட '3டி.எஸ்.' கைப்பெட்டியைப் பாருங்கள். அதற்கும் சொந்தத் திரைதான். ஆனால் அதில் நாடுவாரிப் பூட்டு இருந்தது! 2017இல் வந்த 'ஸ்விட்ச்' பெட்டியில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டார்கள். அதுவும் அமோகமாகவே விற்றது.

உங்கள் வீட்டில் பழைய டி.வி.டி. ஏதேனும் கிடந்தால் அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். சிறு உலக உருண்டைப் படத்துக்குள் 5 என்ற எண் இருக்கக்கூடும். அது இந்தியாவும் அடங்கிய வட்டாரத்தின் எண். வேறு எண் போட்ட வட்டு உங்கள் வீட்டுப் பெட்டியில் ஓடுகிறதா, ஓடாவிட்டால் திரையில் என்ன எழுத்து வருகிறது என்று சோதித்துப் பாருங்கள்.