பேய்க்கதைக்கு ஆள் மாறினா என்ன, கேள்வி கேட்க ஆள் இருக்கா?

ராத்திரி வர்ற பேய்க்கதை நிகழ்ச்சி ஒண்ணுல ஆர்ஜே மாறிட்டார். எந்த ரேடியோ, யார் அந்த ஆர்ஜே என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கேட்கிறவங்களுக்குத் தெரியும், கேட்காதவங்களுக்குத் தேவையில்லை. எங்க கப்பலூர்ல ஒரு வாரமா டீக்கடையிலயும் வாட்ஸ்அப் குரூப்லயும் இதே பேச்சுதான்.

"பழைய ஆளு குரலைக் கேட்டாலே முடி சிலிர்க்கும்ணே. இந்தப் பய பஸ் ஸ்டாண்டுல பஸ் நம்பர் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறான்" என்று ஒரு கட்சி. "பழைய ஆளு ரொம்ப இழுப்பாருப்பா. இந்தத் தம்பி மரியாதையாப் பேசுது, போன் பண்றவங்களை முழுசாப் பேச விடுது" என்று இன்னொரு கட்சி. ரெண்டு பக்கமும் எனக்கு வேண்டியவங்கதான். ஆனாலும் சொல்றேன், கிணத்துல தண்ணி இருக்கான்னு பார்க்காம மோட்டார் என்ன கலர்னு சண்டை போடுறாங்க.

"வெவசாயிக்கு எதுக்குய்யா இந்த ரேடியோ பஞ்சாயத்து?" என்று கேட்பீங்க. ராத்திரி ரேடியோவுக்கு எங்களை விட்டா ஆள் யாரு? மும்முனை கரண்ட் ராத்திரி முறையில வந்தா, மடை மாத்த ராத்திரிதான் போகணும். பக்கத்துல தொழிற்பேட்டையில நைட் ஷிப்டு பார்க்கிற பையன்கள், டோல்கேட் தாண்டிப் போற லாரி டிரைவர்கள், வாட்ச்மேன்கள், ஆஸ்பத்திரியில துணைக்குப் படுத்திருக்கிறவங்க, எல்லாரும் காதுல ஒண்ணை மாட்டிக்கிட்டுத்தான் இருக்கோம். இருட்டுல தனியா நிக்கிறவன் காதுக்குள்ள பேசுறது சாதாரண வேலை இல்லை. பகல்ல கேட்டா சிரிச்சிட்டுப் போற விஷயம், ராத்திரி 2 மணிக்கு வரப்புல நிக்கும்போது வேற மாதிரி ஏறும்.

குரலுக்கு மயங்குறது நமக்குப் புதுசும் இல்லை. என் வயசுக்காரங்க இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவங்க. கே.எஸ். ராஜாவா, பி.எச். அப்துல் ஹமீதா என்று சண்டை போட்ட தலைமுறை. ஆனா பாட்டுக்கு நடுவுல பேசுறவர் யாராயிருந்தாலும் பாட்டு மாறிடாது. பேய்க்கதை அப்படி இல்லை. அங்கே நடத்துறவர் எப்படியோ அப்படித்தான் கதையும்.

இதே மாதிரி ஒரு சண்டை அமெரிக்காவுல பல வருஷம் ஓடியிருக்கிறது. என் அக்கா மகன் சொன்னதுக்கப்புறம் நானும் தேடிப் படித்தேன். 'கோஸ்ட் டு கோஸ்ட் ஏஎம்' என்று ஒரு நிகழ்ச்சி. கோஸ்ட் என்றால் இங்கே கடற்கரை, பேய் இல்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் என்று அர்த்தம். ஆனால் பேய், பறக்கும் தட்டு, செத்தவர் குரல் எல்லாம் அதில் உண்டு. ஆர்ட் பெல் என்பவர் நெவாடா பாலைவனத்துல பரம்ப் என்ற சின்ன ஊர்ல, தன் வீட்டிலேயே உட்கார்ந்து விடிய விடிய நடத்தினார். நூற்றுக்கணக்கான ரேடியோ நிலையங்கள் அதை வாங்கி ஒலிபரப்பின. கேட்டவங்க யாருங்கிறீங்க? நம்மள மாதிரியே லாரி டிரைவரும் நைட் ஷிப்டுக்காரனும் தூக்கம் வராதவனும்தான். ராக்கி மலைக்குக் கிழக்கே இருக்கிறவங்களுக்கு ஒரு போன் நம்பர், மேற்கே இருக்கிறவங்களுக்கு ஒண்ணு, முதல் தடவை கூப்பிடுறவங்களுக்குத் தனியா ஒண்ணு. யார் பேசப்போறாங்கன்னு முன்கூட்டி வடிகட்டாம நேரா எடுத்துப் பேசுவார்.

2000-ல் அவர் விலகி மைக் சீகல் என்பவர் வந்தார். நேயர்கள் ஏத்துக்கலை. 2001-ல் பெல்லே திரும்பி வந்தார். மறுபடி விலகி, 2003 ஜனவரி 1 முதல் ஜார்ஜ் நூரி பொறுப்பெடுத்தார். அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை, பெல் 2018 ஏப்ரல் 13-ல் இறந்த பிறகும் அடங்கலை. நூரி 20 வருஷத்துக்கு மேல அந்த நாற்காலியில இருந்துவிட்டார், இன்னும் "பழையவர் மாதிரி வருமா" என்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பழைய நேயர்கள் நூரி மேல சொன்ன பெரிய குறை குரல் இல்லை. "விருந்தாளி என்ன சொன்னாலும் சரி சரின்னு கேட்டுட்டு அடுத்த கேள்விக்குத் தாவிடுறார். சொன்ன பதிலுக்குள்ள இருந்து ஒரு கேள்வி கேட்க மாட்டேங்கிறார்" என்பதுதான் குறை. நூரி பக்கம் நின்னவங்க, "மரியாதையா நடத்துறார், அதனாலதான் ஆட்கள் மனசு விட்டுப் பேசுறாங்க" என்றார்கள். நம்ம டீக்கடையில ஓடுற அதே வாதம்!

சரி, அப்ப பழைய ஆளுதான் ஒசத்தியா? அதுவும் இல்லை. 1996 நவம்பர்ல, ஹேல்-பாப் வால்நட்சத்திரம் வந்துகொண்டிருந்தபோது, அமெச்சூர் வானியல்காரர் ஒருத்தர் பெல்லின் நிகழ்ச்சியில பேசினார். வால்நட்சத்திரத்துக்குப் பின்னாடியே ஒரு மர்மமான பொருள் வருது, படம் எடுத்திருக்கேன் என்றார். அது சாதாரண நட்சத்திரம் என்று வானியல் படித்தவர்கள் சொன்னார்கள். ஆனால் சேதி நாடெல்லாம் பரவிவிட்டது. 1997 மார்ச்சில் கலிபோர்னியாவில் 'ஹெவன்ஸ் கேட்' என்ற கூட்டத்தார் 39 பேர், அந்த வால்நட்சத்திரத்தோட வர்ற விண்கலத்துல ஏறப்போறோம் என்று நம்பி, உயிரை விட்டார்கள். ரேடியோதான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கூட்டம் இருபது வருஷமாவே அந்த நம்பிக்கையில ஊறிக்கிடந்தது. ஆனா ஊறிக்கிடக்கிற நிலத்துலதான் கூடத் தண்ணி விட்டா வரப்பு உடையும். அன்னைக்கு மைக் முன்னாடி உட்கார்ந்திருந்தவர் எல்லாரும் கொண்டாடின பழைய ஆளுதான்.

அதனால நான் கேட்கிறது, பழையவரா புதுசா என்பதில்லை. ரெண்டாவது கேள்வி கேட்கிறாரா? "அப்புறம் என்னாச்சு?" என்பது முதல் கேள்வி. அதை யாரும் கேட்பான். "நீங்க கண்ணால பார்த்தீங்களா, இல்ல யாரும் சொல்லிக் கேட்டீங்களா? எந்த வருஷம்? எவ்வளவு தூரத்துல? கையில லைட் இருந்துச்சா?" இது ரெண்டாவது கேள்வி.

"கேள்வி கேட்டா திகில் போயிருமேண்ணே" என்கிறாங்க. ஏம்ப்பா, கோடாங்கி பார்த்ததே இல்லையா நீங்க? உடுக்கை அடிச்சுப் பேயை வரவழைச்சிட்டு அவர் என்ன செய்வார்? கும்பிட்டு உட்காருவாரா? "நீ யாரு? எந்த ஊரு? எப்படிச் செத்த? எதுக்கு இந்தப் பிள்ளையைப் பிடிச்ச? என்ன வேணும்? எப்பப் போவ? போறதுக்கு என்ன அடையாளம்?" என்று வரிசையாக் கேட்பார். பேய் மழுப்பினா விட மாட்டார். ஊரே மூச்சு விடாம உட்கார்ந்து கேட்கும். திகில் குறைஞ்சுதா? பேயையே குறுக்கு விசாரணை பண்ணின ஊர்ல, பேயைப் பார்த்தேன்னு சொல்ற ஆளை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதாம்!

கேட்காம விட்டா என்ன ஆகும்? எங்க பக்கத்துல நடந்ததைச் சொல்றேன். ஊர் பேர் வேண்டாம். ராத்திரி நிகழ்ச்சி ஒண்ணுல ஒருத்தர் போன் பண்ணி, நாலுவழிச் சாலைக்கு மேற்கே ஒரு பழைய கிணறு, அங்கே விழுந்து செத்த பொம்பளை வெள்ளைச் சேலையோட உட்கார்ந்து தலை சீவுது என்று அரை மணி நேரம் சொன்னார். ஊர் பேர், தெரு பேர், செத்தவங்க புருஷன் என்ன வேலை பார்த்தார் என்பது வரைக்கும் சொல்லியாச்சு. இவர் பார்த்தாரா? இல்லை. மச்சான் பார்த்தாராம். மச்சான்கிட்டப் பேசலாமா என்று ஆர்ஜே கேட்டாரா? இல்லை. பின்னாடி ஒரு மியூசிக்கைப் போட்டு விட்டார், அவ்வளவுதான்.

மல்லிகை மொட்டு விரியறதுக்குள்ள பறிச்சாகணும். அதனாலதான் பொம்பளைங்க தலையில டார்ச் மாட்டிக்கிட்டு இருட்டோட காட்டுக்கு வர்றாங்க. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி என்று பெருமையாப் பேசுறோமே, அது இந்தப் பொம்பளைங்க இருட்டுல பறிக்கிற பூதான். அந்தக் கதை ஓடின பிறகு விடியாம வர மாட்டோம்னுட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. பத்து நாளைக்கு மேல பூ பிந்தித்தான் மாட்டுத்தாவணிக்குப் போச்சு. பிந்தின பூவுக்கு என்ன விலை கிடைக்கும்னு பூக்காரங்களைக் கேளுங்க.

காசு போனா போகட்டும். செத்துப்போன அந்த அம்மாவோட மகளும் பூப்பறிக்கிற பிள்ளைதான். மத்தவங்க வந்த பிறகும் அந்தப் பிள்ளை பல நாள் வரலை. பெத்த தாயைப் பேயின்னு ஊரே பேசினா எந்த முகத்தோட வரும்? உள்ளதைச் சொன்னா, அந்தக் கிணத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. தண்ணி இறைக்கப் போன இடத்துல கால் வழுக்கி விழுந்தாங்க. அரை மணி நேரம் பேயைப் பத்திப் பேசினவங்க, அந்தச் சுவரைப் பத்தி அரை நிமிஷம் பேசலை. இன்னைக்கு வரைக்கும் அங்கே சுவர் இல்லை.

ரெண்டாவது கேள்வி உயிரையும் காப்பாத்தும். "களத்துல படுத்திருந்தவனை முனி அடிச்சிருச்சு, விடியக்காலம் பேச்சு குழறிப்போச்சு" என்று ஒருத்தர் சொல்றார்னு வைங்க. தரையில படுத்திருந்தாரா? வயிறு வலிச்சதா? கண் இமை தூக்க முடியாமத் தொங்குச்சா? என்று கேட்கணும். ஏன்னா கட்டுவிரியன் ராத்திரிதான் நடமாடும். தூங்குறவனைக் கடிச்சா பல நேரம் வலியும் தெரியாது, பல் பட்ட தடமும் சரியாத் தெரியாது. விடியும்போது இமை தொங்கும், நாக்கு குழறும், அப்புறம் மூச்சு நிக்கும். அந்த நேரத்துல அவனை 108-ல ஏத்தி, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். வேப்பிலை அடிக்கிற நேரமில்லை அது.

அதே மாதிரிதான் பாழுங்கிணறும். தூர் வார இறங்கினவன் மயங்கி விழுந்தான், தூக்க இறங்கினவனும் விழுந்தான், கிணத்துப் பேய் ரெண்டு காவு வாங்கிருச்சு என்பாங்க. நாள்பட்டு மூடிக்கிடக்கிற கிணத்துல கெட்ட காத்து தேங்கி நிக்கும். நம்ம பெரியவங்க அரிக்கேன் விளக்கைக் கயித்துல கட்டி இறக்கிப் பார்ப்பாங்க, அணைஞ்சா இறங்க மாட்டாங்க. அணையாட்டியும் விஷக்காத்து இருக்கலாம், அதனால அந்த மாதிரிக் கிணத்துல தீயணைப்புக்காரங்களைக் கூப்பிடாம இறங்கவே கூடாது. ரேடியோவுல இந்தக் கதை வரும்போது இந்த ரெண்டு வரியைச் சொன்னா, எங்கேயோ ஒரு வீட்டுல மூணாவது ஆள் இறங்காம நிப்பான்.

உடனே என்னைக் கருப்புச்சட்டைக்காரன் என்று முடிவு கட்டிடாதீங்க. கருப்பசாமிக்குக் கெடா வெட்டுறவன் நான். பாண்டி கோயிலுக்கு வருஷம் தவறாமப் போறவன். முனியும் கருப்பும் எங்களுக்குக் காவலுக்கு நிக்கிற சாமிங்க. அவங்க பேரைச் சொல்லிக்கிட்டுத்தான் இருட்டுல மடை மாத்தப் போறோம். பயத்தைப் போக்குற சாமியைப் பயமுறுத்துற பேயா மாத்தி விக்கிறாங்களே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

"பொழுதுபோக்குதானண்ணே" என்பார்கள். சரி, பொழுதுபோக்குன்னா கதைன்னு சொல்லிட்டுச் சொல்லுங்க. நானும் ரசிச்சுக் கேட்பேன். 'உண்மைச் சம்பவம்' என்று போர்டு மாட்டிட்டு, கேள்வி கேட்டா மட்டும் பொழுதுபோக்கு என்று நழுவக் கூடாது. சந்தையில மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காம யாராவது காசு கொடுப்போமா?

புதுசா வந்திருக்கிற தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்க குரல் எங்களுக்குப் பழகிரும், ஆறு மாசம் போதும். பழைய ஆள் மாதிரி இழுக்கவும் வேண்டாம். பேசுறவர் தான் பார்த்ததைச் சொல்றாரா, கேட்டதைச் சொல்றாரா என்று முதல்ல கேளுங்க. செத்தவங்க ஊரும் அடையாளமும் வந்தா அந்த இடத்துல நிறுத்துங்க, அவங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. வேற என்ன காரணமா இருந்திருக்கலாம் என்று ஒரு தடவையாவது கேளுங்க. இத்தனையும் கேட்டு, அதுக்கும் மேல விடை தெரியாம ஒண்ணு நின்னா, அதைச் சொல்லுங்க. அன்னைக்கு எனக்கும் முடி சிலிர்க்கும்.

கேட்கிற நமக்கும் வேலை இருக்கு. குரல் சரியில்லைன்னு பத்து மெசேஜ் போடுறோமே, அதுல ஒண்ணு "ஏன் அந்தக் கேள்வியைக் கேட்கலை?" என்று போகட்டும். நான் நேத்து ஒண்ணு அனுப்பியிருக்கேன். நீங்களும் அனுப்புங்க.

கரண்டு வந்துருச்சு, மோட்டார் போடணும். வர்றேன்.