பொது மேசையும் கோணித்துண்டும்

‘எல்லாருக்கும் பொது’ என்று எவனாவது சொன்னால் நம்ம சனத்துக்கு முதலில் தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வரும். 1923-இல் பம்பாய் சட்டசபை, பொதுக் குளங்கள் தீண்டப்படாதாருக்கும் உண்டு என்று தீர்மானம் போட்டது. 1924-இல் மகாட் நகராட்சியும் சௌதார் குளத்தைத் திறந்தாயிற்று என்று எழுதி வைத்தது. காகிதத்தில் திறந்த குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ள 1927 மார்ச் 20 வரை ஆனது. அள்ளியதற்கு அடி. பிறகு குளத்துக்குச் சாணியும் கோமியமும் ஊற்றித் ‘தீட்டு’ கழித்தார்கள். பொது என்றால் இதுதான் பொது.

இந்தச் சொல் இப்போது கட்டடக்கலை, வடிவமைப்புக் கல்லூரிகளுக்குள் புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது. ஸ்டுடியோவை மாற்றியமைக்கிறார்களாம். நான் ஐந்து வருசம் படித்த கல்லூரியிலும் வரைபடம் தயார். பழைய டிராயிங் டேபிள்கள் போகின்றன. பேர் ஒட்டிய லாக்கர்கள் போகின்றன. சக்கரம் வைத்த மேசை, கண்ணாடிச் சுவர், ஒரு காபி மூலை. யாரும் எங்கேயும் உட்காரலாம். லேப்டாப்பை அவரவர் கொண்டுவரணும். கேட்டால் சனநாயகம் என்கிறார்கள்.

‘அவரவர் கொண்டுவரணும்’ என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். அம்பேத்கர் தன் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வகுப்பில் ஒரு மூலையில், தனியாக, கோணித்துண்டின் மேல் உட்காரணும். அந்தக் கோணியைச் சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிப்போய் மறுநாள் திரும்பக் கொண்டுவரணும். பள்ளிக்கூடம் கூட்டுகிற ஆள் அதைத் தொடமாட்டான். பள்ளிக்கூடத்தில் அவருக்கு இடம் உண்டு, ஆனால் அவருடைய சாமானுக்கு ஒரு ராத்திரி தங்க இடமில்லை. லாக்கரைப் பிடுங்கிவிட்டு மவுண்ட் போர்டையும் பாதி ஒட்டிய மாடலையும் பஸ்ஸில் தூக்கிட்டுப் போ என்கிறவர்களுக்கு இது உறைக்குமா? கார் உள்ளவனுக்கு டிக்கி இருக்கு. வீட்டில் தனி அறை இருக்கு. ஒரே அறையில் அஞ்சு பேர் படுக்கிற வீட்டில் அந்த மாடலை எங்கே வைப்பது, அடுப்பு மேலேயா? 2011-இல் ஆரம்பித்து அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் முப்பரிமாண மென்பொருளைத் திறந்து பார்த்தவர்களைக் கேளுங்கள், அது எப்படி மூச்சுத் திணறும் என்று சொல்வார்கள்.

உட்காரும் விசயம் இதைவிட மோசம். ஸ்டுடியோவில் வாத்தியார் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம்தான். பக்கத்து மேசையை எட்டிப் பார்த்துத்தான் படிக்கிறோம். அவன் கோட்டை எப்படி இழுக்கிறான், எந்தக் கடையில் பிளாட் மலிவு, ஜூரியில் வாயைத் திறந்தால் எப்படிப் பேசணும், எல்லாம் பக்கத்து மேசையில் இருந்து ஒழுகி வருவதுதான். ஆக, பக்கத்தில் யார் என்பதுதான் பாடமே. இதை ‘இஷ்டம்போல உட்கார்’ என்று விட்டால் என்ன நடக்கும்? சன்னலோரம், ப்ளக் பாயிண்ட், ஏசிக்கு நேர் எல்லாம் ஒரே மாதிரி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த கூட்டத்துக்கு. ரெண்டு பஸ் மாறி வருகிற நம்ம பிள்ளை கதவோரம், கைகழுவுகிற தொட்டி ஓரம். ஊரும் சேரியும் மறுபடி வந்தாச்சு, சக்கரம் வைத்த மேசையில். மேசை மேசையாக வருகிற வாத்தியார் அங்கே வந்து சேரும்போது மணியடித்துவிடும்.

“இங்க யாருப்பா சாதி கேக்கறா?” என்பார்கள். முதல் நாளே எந்த ஸ்கூல், அப்பா என்ன பண்றார், நாட்டா மார்க் எவ்வளவு என்று கேட்பதெல்லாம் வேறென்னவாம்? காபி மூலையில் மைக்ரோவேவ் வரும், அதன்மேல் ‘சைவம் மட்டும்’ என்று ஒரு தாளும் வரும். நான் கற்பனை பண்ணவில்லை. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடத்தில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மாணவர்கள் இது தீண்டாமை என்று சத்தம் போட்ட பிறகுதான் கிழித்தார்கள்.

இவர்கள் படிப்பின் பூர்வீகமே அப்படி. 1958-இல் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்தியாவுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார்கள். அதைவைத்துத்தான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. அதில் சொம்பைப் பற்றி அடுக்கடுக்காகக் கேள்விகள்: எவ்வளவு பிடிக்கும், இடுப்பில் எப்படி உட்காரும், கண்ணை மூடித் தொட்டால் எப்படி இருக்கும், என்ன விலை. நல்ல கேள்விகள்தான். இந்தச் சொம்பை யார் தொடக்கூடாது என்ற கேள்வியை மட்டும் காணோம். தொட்டதற்கு உதைபடும் நாட்டில்!

இடம் வேணும், அதுவும் பேர் எழுதிய இடம். மேசையைச் சீட்டுக் குலுக்கிப் போடு, ஒவ்வொரு செமஸ்டரும் மாற்று. பூட்டுள்ள லாக்கரைக் கொடு. கணினி, கட்டர், போர்டு, பசை எல்லாம் கல்லூரிச் செலவில் வை. சப்மிஷன் ராத்திரியில் விளக்கையும் தண்ணீரையும் நிறுத்தாதே. இதெல்லாம் கண்ணாடிச் சுவரைவிடச் செலவு கம்மி.

இன்னொன்று. விடிந்ததும் வெட்டிப்போட்ட தெர்மாகோலையும் உடைந்த பிளேடுத் துண்டுகளையும் கையால் பொறுக்குகிறார்களே, காண்ட்ராக்டில் கூட்ட வருகிற அம்மாக்கள், அவர்கள் யார் வீட்டுப் பெண்கள் என்று நமக்குத் தெரியும். இத்தனை வருசமாக மாடிப்படி அடியில் உட்கார்ந்துதான் சோறு தின்கிறார்கள். புது வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். மாடிப்படி அடியில் பிரிண்டர் வைக்க இடம் குறித்திருக்கிறார்கள்.