கண் நல்லாத் தெரியுதே, பிறகு எதற்கு டெஸ்ட்? சுகர்காரர்களின் விழித்திரையில் சத்தமில்லாமல் முளைக்கும் ரத்தக் குழாய்கள்

"சுகர் மாத்திரை ஒழுங்கா போடுறேன். கண்ணும் நல்லாத் தெரியுது. அப்புறம் எதுக்கு மதுரைக்கு அலையணும்?" பொன்னமராவதி பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய சுகர்காரர்கள் பலரும் சொல்லக்கூடிய பதில்தான் இது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளும் போனில் இதைக் கேட்டுவிட்டு, 'சரி, நல்லாத்தானே இருக்காங்க' என்று விட்டுவிடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுக்கத் தொடங்கும்போது பார்வையைத் தொடுவதே இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். விழித்திரைக்கு ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும். ரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் சர்க்கரை ஏறிக் கிடந்தால், அங்குள்ள மயிரிழைக் குழாய்கள் பழுதாகி, சில அடைத்தே போகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத செல்கள் சும்மா இருப்பதில்லை. 'இங்கே புதுக் குழாய் போடு' என்று ஒரு புரதத்தை வெளியிடுகின்றன. அதன் பெயர் ரத்தக் குழாய் வளர்ச்சிக் காரணி. மருத்துவர்கள் சுருக்கமாக 'வெஜ்எஃப்' என்பார்கள். ஆக்சிஜன் குறைவதைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டறிந்த 3 விஞ்ஞானிகளுக்குத்தான் 2019ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் புரதம் வில்லன் அல்ல. கருவில் குழந்தைக்கு ரத்தக் குழாய்கள் உருவாவது இதனால்தான். வெட்டுக்காயம் ஆறுவதற்கும், மாதவிடாய்க்குப் பிறகு கருப்பையின் உள்சவ்வு திரும்ப வளர்வதற்கும், உடற்பயிற்சி செய்யும் தசைக்குக் கூடுதல் ரத்தம் போவதற்கும் இதுவே வேண்டும். ஆனால் அங்கெல்லாம் இது தனியாக வேலை செய்வதில்லை. வெஜ்எஃப் குழாயை முளைக்க வைத்தால், ஆஞ்சியோபொயட்டின்-1 போன்ற வேறு காரணிகள் அதன் சுவரை இறுக்கி நிலைப்படுத்துகின்றன. வேலை முடிந்ததும் உத்தரவு நின்றுவிடும்.

சுகர் பாதித்த கண்ணில் இந்தக் கட்டுப்பாடு குலைகிறது. வாய்க்கால் தூர்ந்து கடைமடை காய்கிறதே என்று கண்மாய்க் கரையை வெட்டிவிடுவதைப் போலத்தான். தண்ணீர் வரும், ஆனால் போக வேண்டிய வயலுக்குப் போகாது. புதிதாக முளைக்கும் குழாய்கள் பலவீனமானவை, கசியும், உடையும். கசிவு விழித்திரையின் நடுப்பகுதிக்கு வந்தால் எழுத்து மங்கும். குழாய் உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் பரவி, ஒரே நாளில் கறுப்புத் திரை விழுந்த மாதிரி ஆகிவிடும். நடுப்பகுதிக்கு ஆபத்து வராதவரை, ஓரங்களில் எத்தனை குழாய் முளைத்தாலும் பேப்பர் படிக்கலாம், டிவி பார்க்கலாம்.

புற்றுநோய் மருந்து கண்ணுக்கு வந்த கதை

ரத்தக் குழாய்களை வரவழைக்காமல் புற்றுநோய்க் கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது என்று 1971ல் எழுதினார் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன். அப்போது பலரும் அதை நம்பவில்லை. 1989ல் நெப்போலியோனே ஃபெராரா குழு வெஜ்எஃப் புரதத்தைப் பிரித்தெடுத்தது. அதைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்துக்கு, குடல் புற்றுநோய்க்காக 2004ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே கண் மருத்துவர்கள் அதைத் துளியளவு கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார்கள்.

ஒரு குப்பியில் 4 மில்லிலிட்டர் இருக்கிறது. ஒரு கண்ணுக்குத் தேவை 0.05 மில்லிலிட்டர். பிரித்துப் பயன்படுத்தினால் கண்ணுக்கென்றே தயாரான ஊசிகளைவிடச் செலவு பல மடங்கு குறையும். ஏழை நோயாளிகள் அதிகமுள்ள இந்தியாவில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பிரிக்கும்போது கிருமி புகுந்தால் கண்ணே போகும். குஜராத்தில் சிலருக்குப் பாதிப்பு ஏற்பட்டதை அடுத்து, 2016 ஜனவரியில் இதைக் கண்ணில் பயன்படுத்துவதற்கு எதிராக மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. கண் மருத்துவர்கள் முறையிட்டதால் அதே ஆண்டில் எச்சரிக்கை விலக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் கண் சிகிச்சைக்காக இந்த மருந்து இருக்கிறது.

பஸ் டிக்கெட்டும் சிகிச்சையின் பகுதிதான்

'கண்ணில் ஊசியா?' என்ற பயம் இயல்பானது. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுத்தான் போடுகிறார்கள். சில நொடிகளில் முடிந்துவிடும். உண்மையான கஷ்டம் வேறு. ஒரு ஊசியோடு இது தீராது. தொடக்கத்தில் பெரும்பாலும் மாதம் ஒருமுறை போக வேண்டும். மருந்து கரைந்தபின் வெஜ்எஃப் மீண்டும் தலைதூக்கும். பொன்னமராவதியில் இருந்து புதுக்கோட்டை சுமார் 40 கி.மீ., மதுரை அதைவிடத் தூரம். கூட வருபவருக்கும் சேர்த்து ஒரு நாள் சம்பளம் போகும். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுபவர்களுக்கு நிலைமை மோசமாகலாம். அதனால்தான் தொடர்ந்து வர முடியாதவர்களுக்கு மருத்துவர்கள் பல நேரங்களில் லேசர் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள். டாக்டரிடம் 'எங்களால மாசாமாசம் வர முடியாது' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை.

முன்பே கண்டுபிடித்தால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி மிச்சம். டைப்-2 சர்க்கரை நோய் என்று தெரிந்த உடனேயே ஒருமுறை, பிறகு பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை வேண்டும். கண்ணாடிக் கடையில் செய்யும் 'கம்ப்யூட்டர் செக்கப்' கணக்கில் வராது. அது பவரை மட்டும்தான் பார்க்கும்.

ஐசிஎம்ஆர் ஆய்வு 2023ல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். இத்தனை பேரும் பெரிய ஊர் கண் மருத்துவரைத் தேடிப் போவது நடக்கிற காரியமா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மாத்திரை வரும் வீட்டுக்கு, விழித்திரைப் படம் எடுக்கும் தேதியும் சேர்ந்தே வர வேண்டும். இதற்கு எல்லா ஊரிலும் கண் டாக்டர் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. பயிற்சி பெற்ற பணியாளர் படம் எடுத்தால், நிபுணர் வேறு ஊரில் இருந்தே பார்த்துச் சொல்லலாம். கேரளத்தின் 'நயனாமிர்தம்' திட்டம் குடும்ப சுகாதார மையங்களில் இதைத்தான் செய்தது. அரவிந்த், சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்தியக் கண் மருத்துவமனைகளின் படங்களை வைத்து, பாதிப்பைக் கணினியே கண்டுபிடிக்க முடியும் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2016லேயே காட்டிவிட்டார்கள்.

அதுவரை ஊருக்கு லீவில் வரும் பிள்ளைகள்தான் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. பாப்பாவை விரிக்க மருந்து விடுவார்கள். சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். அன்றைக்கு அப்பாவிடம் பைக் சாவியைக் கொடுக்காதீர்கள். சுகர், பிரஷர் ரிப்போர்ட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள். பிரஷர் ஏறினாலும் இந்தக் குழாய்கள் கெடும்.